தேய்க்காதே என்ற வரி

பழனி,
3 நவம்பர் 2024

தெய்வானைக்கு,

குருநாதன் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். கிழித்துப் போட்டுவிடாதே. ஐந்து வருஷச் சண்டையைப் பேசுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. உன் நம்பர் மாறிவிட்டது. மாப்பிள்ளைக்கு இரண்டு தடவை போன் போட்டேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். மன்னவனூர் தபாலாபீசில் வேலை பார்ப்பதே நீதானே, தபாலில் போட்டால் நேராக உன் கைக்குத்தான் போகும் என்று உன் மதினி சொன்னாள்.

போன மாதம் பெங்களூர் ட்ரிப் முடித்து வந்த மறுநாள் என் வலது கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகிவிட்டது. சுளுக்கு என்று நினைத்துக்கொண்டு இன்னும் மூன்று ட்ரிப் ஓட்டினேன். அப்புறம் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. தொட்டால் சூடு. ஆஸ்பத்திரியில் டாப்ளர் ஸ்கேன் என்று ஒன்று எடுத்தார்கள். காலுக்குள்ளே ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறதாம். ஐந்து நாள் படுக்க வைத்து வயிற்றில் ஊசி போட்டார்கள். இப்போது மாத்திரை. வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். இருபத்தி இரண்டு வருஷத்தில் இப்படி வீட்டில் உட்கார்ந்ததே இல்லை.

டாக்டர் கேட்டார்: “உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி வந்துருக்கா? யாராவது திடீர்னு மூச்சு வாங்கி இறந்துருக்காங்களா?” யாரும் இல்லைங்க என்றேன். பக்கத்தில் நின்ற உன் மதினி, “அத்தை?” என்றாள்.

அம்மா கடைசி இரண்டு மூன்று நாள் எப்படி இருந்தாள் என்று டாக்டர் விவரம் கேட்கிறார். கூட இருந்தது நீதான். நடந்ததை நடந்தபடி எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றாலும் சரி.

குருநாதன்


மன்னவனூர்,
9 நவம்பர் 2024

திரு. குருநாதன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

அம்மா 2019 ஜூலை கடைசியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. திண்டுக்கல்லில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். அதன்பிறகு என் வீட்டில்தான் படுத்திருந்தாள். ஆகஸ்ட் பன்னிரண்டு வாக்கில் ஆபரேஷன் ஆன காலில் கெண்டைச் சதை வீங்கியது. ஆபரேஷனால் வந்த வீக்கம் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 15, வியாழக்கிழமை, பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிய அன்று நீ வந்தாய். அம்மா கால் வலிக்கிறது என்றாள். நீ தைலம் சுடவைத்து அரை மணி நேரம் உட்கார்ந்து அழுத்தித் தேய்த்துவிட்டாய். “எம் மவன் கை பட்டதும் வலி போச்சு புள்ள” என்று நீ போன பிறகு இரண்டு தடவை என்னிடம் சொன்னாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை மூச்சு வாங்கியது. இருமினாள். மழைக்குச் சளி பிடித்திருக்கிறது என்று கஷாயம் வைத்துக் கொடுத்தேன். சனிக்கிழமை வெள்ளனே ஆறரை மணிக்கு எழுந்து உட்கார்ந்தாள். “நெஞ்ச அடைக்குது” என்றாள். நான் தண்ணீர் எடுத்துத் திரும்புவதற்குள் சாய்ந்துவிட்டாள். ஜீப் வந்தபோது உயிர் இல்லை.

இவ்வளவுதான் நடந்தது. அதன்பிறகு நடந்தது உனக்கே தெரியும். நீ வந்து இறங்கியதும் வாசலில் நின்று, “ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாம கஷாயத்த ஊத்திப் பெத்தவளக் கொன்னுட்டியேடி” என்றாய். இதை டாக்டரிடம் சொல்ல வேண்டியதில்லை.

போன் செய்ய வேண்டாம். பேசினால் நான் கத்துவேன், இல்லை அழுவேன். ஏதாவது இருந்தால் எழுது.

தெய்வானை


பழனி,
20 நவம்பர் 2024

தெய்வானைக்கு,

நீ எழுதியதை அப்படியே டாக்டரிடம் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். அம்மாவுக்குக் காலில் உறைந்த ரத்தம் துண்டாக உடைந்து நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கலாம் என்றார். பிரேதப் பரிசோதனை செய்யாததால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சொல்லுகிற அடையாளமெல்லாம் அதுதான் என்றார். உன் கஷாயத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதை நான் கேட்காமலே அவராகச் சொன்னார்.

எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன். இருதயம் ரத்தத்தைக் காலுக்குத் தள்ளிவிடும். ஆனால் அங்கிருந்து அது மேலே ஏற, கெண்டைச் சதை அசைந்து பிதுக்கிக் கொடுக்க வேண்டும். பம்ப் மாதிரி. படுத்தே கிடந்தாலோ, என்னைப் போல எட்டு மணி நேரம் ஆக்சிலேட்டரில் காலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாலோ பம்ப் ஓடாது. ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும். வழியில் நிறுத்தக்கூடாது என்று நான் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அதுவும் தப்பாம். சில குடும்பங்களில் ரத்தமே சீக்கிரம் உறைகிற தன்மை பிறப்பிலேயே இருக்குமாம். நமக்கு அது இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறார்.

உன்னிடம் கேட்கச் சொன்னது: வீட்டில் யாராவது கர்ப்பமாக இருக்கிறார்களா, ஆபரேஷன் எதுவும் நடக்கப் போகிறதா, மாதவிலக்குக்கு ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறார்களா? இருந்தால் பார்க்கிற டாக்டரிடம் நம் குடும்ப விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், சூடாகச் சிவந்திருந்தால், இரண்டு காலையும் டேப் வைத்து அளந்து பார். வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷம் தாமதிக்கக்கூடாது.

பிரியா எப்படி இருக்கிறாள்? ஒட்டன்சத்திரத்தில் கட்டிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்குப் பத்திரிகை வரவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

குருநாதன்


மதுரை,
11 ஜனவரி 2025

குருநாதனுக்கு,

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிரியா உள்ளே தூங்குகிறாள். அவளுக்கு ஏழாம் மாதம். உன் நவம்பர் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. கர்ப்பமாக இருக்கிறாள் என்று உன்னிடம் சொல்ல அப்போது மனம் வரவில்லை. அது என் தப்பு.

டிசம்பர் கடைசியில் என் வீட்டுக்கு வந்தாள். போன வாரம் இடது கால் வீங்கியது. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது சகஜம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஆனால் இரண்டு காலும் வீங்கும் என்றுதான் கேள்வி. பக்கத்து வீட்டுக் காளியாயி எண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். காலையிலும் சாயங்காலமுமாக இரண்டு நாள் நன்றாக உருவிவிட்டாள். உன் கடிதம் அலமாரியில் இருந்தது. மூன்றாம் நாள் எடுத்துப் படித்தேன். நீ எழுதியபடி டேப் எடுத்து அளந்தேன். இடது கெண்டைக்கால் நாற்பத்தொரு சென்டிமீட்டர். வலது முப்பத்தாறு. தையல் டேப் தப்பாக இருக்கும் என்று மறுபடி அளந்தேன்.

நர்ஸ் ஆக்ஸிலியாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அந்தப் பெண் வந்தபோது காளியாயி மறுபடி எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஆக்ஸிலியா வாசலில் நின்றபடியே சத்தம் போட்டாள்: “கைய எடுங்கக்கா! யாரும் அந்தக் காலத் தொடக்கூடாது! ஜீப்பக் கூப்பிடுங்க வெரசா!” அவள் அப்படிக் கத்தி நான் பார்த்ததே இல்லை.

பூம்பாறை தாண்டிக் கொடைக்கானல் வரைக்கும் ஜீப்பில் பிரியா காலை நீட்டிப் படுத்தபடியே வந்தாள். என் வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்து டிரைவரை வேகமாகப் போ என்றும், மெதுவாகப் போ என்றும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே வந்தார். கொடைக்கானலில் பார்த்துவிட்டு ஆம்புலன்சில் மதுரைக்கு அனுப்பினார்கள். ஸ்கேனில் தொடை வரைக்கும் உறைந்திருக்கிறது. நுரையீரலுக்குப் போகவில்லை. அதற்குள் ஊசி ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டதும் உன் கடிதத்தையே எடுத்துக் கொடுத்தேன். அந்த டாக்டரம்மா இரண்டு தடவை படித்துவிட்டு நகல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். பிரசவம் வரைக்கும் தினமும் வயிற்றில் ஊசி போட வேண்டும்.

இப்போது கேட்கிறேன். அந்த டாக்டரம்மா முதலில் கேட்டது, “யாராவது தேய்ச்சுவிட்டீங்களா?” என்றுதான். காலில் உறைந்திருந்தால் அழுத்தித் தேய்க்கவே கூடாது, தேய்த்தால் துண்டு பிய்ந்து மேலே போகலாம் என்றார்கள். பழனி டாக்டர் உனக்கு இதைச் சொல்லவில்லையா? தண்ணீர் குடிப்பது வரைக்கும் எழுதியிருக்கிறாய். அவர் சொல்லியிருந்தால் நீ ஏன் இதை எழுதவில்லை?

இந்தக் கேள்வியை எழுதும்போதே எனக்கு அந்த வியாழக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது. இருந்தாலும் நீயே சொல்.

தெய்வானை


பழனி,
16 ஜனவரி 2025

தெய்வானைக்கு,

சொன்னார்.

நான் உன் கடிதத்தை வாசித்துக்கொண்டு போகிறேன். வியாழக்கிழமை வரி வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். “யாரு தேய்ச்சது?” என்றார். “வீட்டு ஆளுங்க” என்றேன். “வீங்குன காலத் தேய்க்கவே கூடாதுங்க” என்றார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. மறுவாரம் தனியாகப் போய் உண்மையைச் சொல்லிக் கேட்டேன். “டாக்டர், நாந்தான் தேய்ச்சேன். என்னாலயா செத்தாங்க?” அவர் என் ஸ்கேன் தாளை மூடி வைத்தார். பிறகு, “யாராலயும் சொல்ல முடியாதுங்க. வயசானவங்க, இடுப்பு ஆபரேஷன், படுத்த படுக்கை. அதுவே போதும். நீங்க தொடாமலே இருந்தாலும் நடந்துருக்கலாம்” என்றார். நடந்திருக்கலாம் என்றார். நடந்திருக்கும் என்று சொல்லவில்லை.

உனக்கு நவம்பரில் எழுதிய கடிதத்தில் முதலில் அந்த வரியும் இருந்தது. வீங்கின காலைத் தேய்க்காதே என்று எழுதினேன். எழுதிவிட்டுப் படித்தேன். நீ படித்தால் உடனே கண்டுபிடித்துவிடுவாய் என்று தோன்றியது. முப்பது பேர் முன்னால் உன்னைக் கொலைகாரி என்று சொன்னவன் நான். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு முழுக்கடிதத்தையும் வேறு தாளில் திருப்பி எழுதினேன், அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு. நல்ல கையெழுத்தில் எழுதினேன், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

உன் வீட்டில் யாருக்கும் வராது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதுகூடப் பொய். நினைக்கவே இல்லை. என் மானத்தைத்தான் நினைத்தேன். பிரியா காலை இரண்டு நாள் உருவியிருக்கிறார்கள் என்று படித்தபோது “ஐயோ” என்று கத்திவிட்டேன். உன் மதினி என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நேற்றிலிருந்து சாப்பாடு மட்டும் வைக்கிறாள், பேசவில்லை.

மருமகளைப் பார்க்க வர நினைத்தேன். எந்த முகத்தோடு வருவது? நீ என்ன எழுதினாலும் சரி. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

குருநாதன்


மன்னவனூர்,
4 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

பிரியாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வீக்கம் பாதி வடிந்துவிட்டது. ஆக்ஸிலியா ஊசி போடக் கற்றுக்கொடுத்தாள், பிரியாவே போட்டுக்கொள்கிறாள். காலையில் அரை மணி நேரம் கேரட் காட்டு வரப்பில் நடக்கிறாள்.

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. மூன்று தடவை பதில் எழுதி மூன்றையும் அடுப்பில் போட்டேன். அம்மாவுக்குக் கால் தேய்த்துவிட்டதற்காக உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெற்றவள் வலிக்கிறது என்றால் யாரும் தேய்க்கத்தான் செய்வார்கள். அந்த வரியைக் கிழித்துப் போட்டாயே, அதற்குக் கோபம் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்.

ஆனால் நானும் ஒன்றை எழுதாமல் விட்டேன். ஆபரேஷன் முடிந்து அனுப்பும்போது தினமும் மூன்று வேளை நடக்க வையுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வாக்கர் வாங்கிக் கொடுத்தது நீதான். முதல் வாரம் நடக்க வைத்தேன். அப்புறம், “உசுரு போகுது புள்ள, விடு” என்பாள். காட்டில் கேரட் எடுக்கிற சமயம், ஆள் கிடையாது, ஆபீஸ் சோலி வேறு. சரி படுத்துக்கொள் என்று விட்டுவிட்டேன். வாக்கர் மூலையில் கிடந்தது. துணி காயப்போட்டேன் அதில். நவம்பரில் நீ கேட்டபோது நாள், மணி எல்லாம் சரியாக எழுதின நான் இதை எழுதவில்லை. நீ கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இனி நான் கேட்பதைக் கேள். நீ மனதுக்குள் வருத்தப்படுவது எனக்கு ஒன்றுக்கும் ஆகாது. அன்றைக்கு நீ சொன்னதை இந்த ஊர் கேட்டது. யாரும் என்னிடம் நேரில் எதுவும் கேட்டதில்லை. டீக்கடை வேலுமணி சம்சாரம் பிள்ளை பெற்று வந்தபோது பார்க்கப் போனேன். குழந்தையைத் தூக்கக் கை நீட்டினேன். “வேண்டாம்க்கா, தூங்குது” என்றாள். குழந்தை முழித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. ஒருத்தர் வீட்டுக் கிழவி படுத்திருந்தபோது ராத்துணைக்குக் கூப்பிட ஊரில் எல்லாரையும் யோசித்தார்கள், அடுத்த வீட்டில் இருந்த என்னை யோசிக்கவில்லை. ஐந்து வருஷம் இப்படித்தான்.

நீ வந்து அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். கடிதத்தில் எழுதிக் கொடுக்காதே. வாயால் சொல்.

தெய்வானை


பழனி,
10 பிப்ரவரி 2025

தெய்வானைக்கு,

நாலு பேர் முன்னால் பேசி எனக்குப் பழக்கமில்லை. கத்துவதற்கு மட்டும் அன்றைக்கு வாய் வந்தது. நான் வந்து உன்னிடமும் மாப்பிள்ளையிடமும் மட்டும் சொன்னால் போதாதா?

மேலே எழுதியதை அடிக்காமல் விடுகிறேன். போதாது என்று எழுதி முடித்ததுமே தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை 15-ம் தேதி வருகிறேன். டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன், மலைப்பாதையில் ஒரு இடத்தில் இறங்கி நடந்துவிட்டுப் போகச் சொன்னார். உன் மதினி வரவில்லை என்கிறாள். “நீங்க சொன்னத நீங்கதான் போய்ச் சொல்லணும்” என்கிறாள். பேச ஆரம்பித்துவிட்டாள் என்பதே நிம்மதி.

குருநாதன்


மன்னவனூர்,
7 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மார்ச் 19 மதுரையில் பிரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ எண்ணூறு. சுகப்பிரசவம். முந்தின நாளே ஊசியை நிறுத்திவிட்டு, பிறந்த பிறகு மறுபடி தொடங்கினார்கள். இன்னும் கொஞ்ச நாள் தொடர வேண்டும். அதற்கப்புறம் அவளுக்கும் எனக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். உனக்கும் சேர்த்து ஒரே நாளில் எடுத்துவிடலாம்.

நீ வந்து போன அன்றைக்கு நான் உன்னிடம் சரியாகப் பேசவில்லை. தபாலாபீஸ் ஜன்னலுக்குள் நின்று எல்லாம் கேட்டேன். வேலுமணி கடை முன்னால் பஸ்ஸுக்கு நின்றவர்கள் பதினைந்து இருபது பேர் இருக்கும். நீ தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தாய், எனக்கே பாவமாக இருந்தது. பிறகு, “எங்கம்மாவ எந்தங்கச்சி கொல்லலைங்க. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு” என்றாய். யாரோ, “அப்ப எப்படிப்பா செத்தாங்க?” என்று கேட்டார்கள். நீ பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டி, ரத்தம் தேங்காமலிருக்க டாக்டர் போடச் சொன்ன இறுக்கமான காலுறையைக் காட்டி விளக்கினாய். வியாழக்கிழமை நீ தேய்த்ததையும் சொன்னாய். அதைச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் காளியாயி வந்தாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. “புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா எங் கையாலதானே தெய்வான?” என்றாள். ஜனவரியிலிருந்து அதை மனதில் வைத்துக்கொண்டு என் வீட்டுப் பக்கம் வராமல் இருந்திருக்கிறாள். நான் வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை. அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். உன் டாக்டர் உனக்குச் சொன்னதையே சொன்னேன். “யாராலயும் சொல்ல முடியாது. தெரியாமச் செஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவ?” என்றேன். அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான், இதை உனக்கு இன்னும் சொல்லவில்லையே என்று பட்டது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தெரியாமல் செய்ததற்கு நீ என்ன செய்வாய் அண்ணே. நானும் என்ன செய்வேன்.

குழந்தையை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்றைக்கு வேலுமணி சம்சாரம் பார்க்க வந்தாள். அவளுடைய மகனுக்கு இப்போது மூன்று வயது. வந்ததும் அவனைத் தூக்கி என் இடுப்பில் வைத்துவிட்டு, “கொஞ்சம் பிடிச்சுக்கங்கக்கா” என்று பிரியாவிடம் போய்விட்டாள். கனமான பையன். அவள் கிளம்புகிற வரைக்கும் இறக்கிவிடவில்லை.

பிரியாவுக்குக் கூடப் பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. காது குத்தும்போது மாமன் ஸ்தானத்தில் மடியில் வைத்துக்கொள்ள நீதான் வேண்டும் என்று அவர் சொல்கிறார். உன் போனை வைத்தவரே சொல்கிறார். ஆவணியில் வைத்துக்கொள்ளலாமா என்று மதினியிடம் கேட்டுச் சொல். பெயர் இன்னும் வைக்கவில்லை. நம் அம்மா பெயரான பிச்சையம்மாள்தான் வேண்டும் என்கிறாள் பிரியா. இந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் கூப்பிடும்போது கேலி செய்வார்களே என்று யோசிக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

உன் தங்கை,
தெய்வானை